திங்கட்கிழமை வரிசையில் ஒரு டிரம்

நெடுங்கரை மாவட்டத்தில் திங்கட்கிழமை என்றால் மனு நாள் என்பதும், மனு கொடுக்கக் காலை எட்டு மணிக்குள் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து வரிசையில் இடம் பிடித்துவிட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆகையால் ஆவணி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த ஒரு கிழவருக்கும், பாதைத் தகராறு என்று வந்த அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில், துருப்பிடித்த இரும்பு டிரம் ஒன்று இடுப்பு உயரத்தில் நின்றபோது, பின்னால் நின்ற அண்ணன்காரன் முதலில் கேட்டது, "இது எப்ப வந்துச்சு, எனக்கு முன்னாடியா பின்னாடியா?" என்பதுதான்.

"ஒனக்கு முன்னாடிதாம்ப்பா," என்றார் கிழவர். "நான் வரும்போதே நின்னுச்சு. வயசாளின்னு எனக்கு எடம் விட்டுச்சு."

டிரம் எப்படி வந்தது என்பதிலும் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் வந்தது. கொழிஞ்சிவயல் நிறுத்தத்தில் அது பின்படிக்கட்டில் ஏறியதை நான்கு பேர் பார்த்திருந்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பதா ஆள் டிக்கெட் கிழிப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்து, தூக்கி வைக்க யாரும் இல்லாமல் தானாக ஏறிய காரணத்தால் ஆள் டிக்கெட்டே கிழித்து, வாங்கிக்கொள்ள அதற்குக் கை இல்லாததால் எச்சில் தொட்டு மூடியின் மேல் ஒட்டியிருந்தார்.

அலுவலக வாசலில் எல்லோருடைய பையையும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். பல வருடம் மனு கொடுத்துச் சலித்துப்போன யாராவது மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்துவிடுவார்களோ என்ற பயம். அன்று சோதனையில் நின்ற பெண் காவலர் குனிந்து டிரம்மை முகர்ந்து பார்த்தார்.

"உள்ள என்ன, மண்ணெண்ணெயா?"

"இல்லம்மா, ரேடியம்," என்றாள் வாசலுக்கு வெளியே புங்க மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம்.

"மண்ணெண்ணெய் இல்லைல்ல?"

"இல்ல."

"அப்பப் போகச் சொல்லுங்க. வழிய மறிச்சுக்கிட்டு."

பஞ்சவர்ணம் அந்த மரத்தடியில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள். ஒரு பரீட்சை அட்டை, இரண்டு பேனா, கைநாட்டு வைக்கிறவர்களுக்காக ஒரு மைப்பெட்டி, காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல், இவ்வளவுதான் அவளுடைய கடை. மனுவுக்கென்று அவளிடம் சில சட்டங்கள் இருந்தன. ஒரு மனுவில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். பொருள் என்ற வரி ஒரு வரியைத் தாண்டக் கூடாது. அழுகையை மனுவில் எழுதக் கூடாது, அதை நேரில் அழுதுகொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசியில் 'இணைப்பு' என்று எழுதுகிற இடத்தில், கையில் இல்லாத எதையும் எழுதக் கூடாது, ஏனென்றால் உள்ளே டோக்கன் மேசையில் உட்காரும் தேவசகாயம் மனுவைப் படிக்கிறாரோ இல்லையோ, இணைப்பை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டார்.

அந்த டிரம்மை அவளுக்கு முன்பே தெரியும். அவள் குடியிருப்பது கொழிஞ்சிவயலில். ஊருக்கு மேற்கே, நாற்பது வருடத்துக்கு முன்னால் பட்டாளம் ஒரு கேம்ப் போட்டிருந்தது. இருட்டில் தெரிவதற்காக விமானத்துக் கடிகாரங்களின் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் கலந்த பெயிண்ட் அடிப்பதும், பழசைக் காரமான திரவங்களில் கழுவி எடுப்பதும் அங்கே வேலை. பட்டாளம் கிளம்பிப் போகும்போது மிச்சப் பெயிண்டையும், துடைத்த துணியையும், கழுவிய திரவத்தையும் டிரம்களில் அடைத்து, கேம்புக்குப் பின்னால் ஒரு குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போனது. டிரம்களின் மேல் கதிர்வீச்சுக்கு அடையாளமாக மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பாக மூன்று இதழ் வரைந்திருந்தது. கொழிஞ்சிவயல்காரர்கள் அதை ஃபேன் படம் என்று நினைத்து, பட்டாளத்துக்காரன் இத்தனை ஃபேனை மண்ணுக்குள் போட்டுவிட்டுப் போகிறானே என்று பல வருடம் ஆதங்கப்பட்டார்கள். மழைக்காலத்தில் அந்தக் குழிமேட்டில் விழுகிற தண்ணீர் ஒரு கூப்பிடு தூரம் சரிந்து வந்து சேர்கிற இடம் ஊரின் குடிநீர் ஊரணி.

போன ஐப்பசியில் மழை குழிமேட்டை அரித்து, டிரம்கள் விலா எலும்பு போல வெளியே தெரிந்தன. மறுவாரம் ஊரணியின் மேற்குக் கரையில் கெண்டை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கிழக்குக் கரையில் மிதக்கவில்லை என்பதால் ஊரார் கிழக்குக் கரையில் தண்ணீர் எடுத்தார்கள்.

பஞ்சவர்ணம் இதைப் பற்றிப் பதினோரு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தாள், அதன் பயனாக ஒரு கூட்டுக் கண்காணிப்புக் குழு அமைந்திருந்தது. ஆறு துறைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜீப்களில் வந்து கேம்ப் வாசலில் இறங்குவார்கள். வாசலில் பூட்டு தொங்கும். சாவியைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டோம் என்று பட்டாளத்தின் பிரதிநிதி சொல்வார். சாவியைத்தான் ஒப்படைத்தீர்கள், பூட்டை ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்காத பூட்டை நாங்கள் எப்படித் திறப்பது என்று தாலுகா ஆபீஸ்காரர் கேட்பார். கம்பிவேலி எட்டு இடத்தில் சாய்ந்து ஆடுகள் அதன் வழியே போய் வந்துகொண்டிருந்தாலும், குழு என்பது வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் ஆறு துறைகளும் வெளியிலேயே நிற்கும். நச்சுக் கழிவைப் பார்க்கிறவர், இதில் கதிர்வீச்சு இருக்கிறது, என் வரம்பில் வராது என்பார். கதிர்வீச்சைப் பார்க்கிறவர், இதில் நச்சும் கலந்திருக்கிறது, கலப்படம் என் வரம்பில் வராது என்பார். ஒருமுறை அளக்கிற கருவி கொண்டுவந்தார்கள். வாசலில் வைத்த உடனே அது மழைத் தவளை போலக் கத்தியது. கொண்டுவந்த பொறியாளர் அதைத் திருப்பிப் பார்த்து, இந்தக் கருவியின் தரச்சான்று மார்ச் மாதத்தோடு காலாவதி, ஆகவே இது கத்தியதைக் குறிப்பில் ஏற்ற முடியாது என்று சொல்லி, அதை அணைத்து உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு எல்லோரும் இளநீர் குடித்தார்கள்.

ஆகவே டிரம் தானே புறப்பட்டு வந்து வரிசையில் நின்றதைப் பார்த்தபோது பஞ்சவர்ணத்துக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதினோரு வருடம் கழித்து இப்போதுதான் வரத் தெரிந்ததா என்று நினைத்தாள். எழுந்து போய்ச் சுண்ணாம்புக் கட்டியால் டிரம்மைச் சுற்றி மூன்றடி தள்ளி ஒரு வட்டம் போட்டு, "யாரும் இதுக்குள்ள வராதீங்க, மேல பையை வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். சனங்கள் கோலத்தை மிதிக்காத மாதிரி வட்டத்தை மிதிக்காமல் நின்றார்கள். வரிசை நகர்ந்தபோது டிரம்மும் நகர்ந்தது, அவளும் வட்டத்தை அழித்து அழித்துப் போட்டாள்.

டோக்கன் மேசையில் தேவசகாயம் நிமிர்ந்து பார்த்தார். "மனு எங்க?"

டிரம் சும்மா நின்றது.

"மனு இல்லாம வந்தா டோக்கன் போட முடியாது. அக்கா," என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஒங்க ஊருதான? எழுதிக் குடுத்து அனுப்புங்க. பின்னாடி எம்பது பேரு நிக்குது."

பஞ்சவர்ணம் எழுதினாள். பொருள்: இடம் மாற்றக் கோருதல் தொடர்பாக. இப்படிக்கு என்ற இடத்தில் தாளை டிரம்மின் விளிம்போடு சேர்த்து ஒரு குச்சியால் அழுத்தி எடுத்தாள், செம்பழுப்பாகத் துரு வளையம் ஒன்று விழுந்தது. தேவசகாயம் அதைக் கைநாட்டாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அனுப்புநர் என்ற இடத்தில் பேனாவை வைத்துத் தட்டினார்.

"தகப்பன் பேரு?"

"தகப்பன் ஒத்துக்க மாட்டேங்கிறான் தம்பி. அதுக்குத்தான மனுவே."

"சரி, கோடு போட்டு விடுங்க. இருப்பிடச் சான்று?"

"டிரம்முக்கா?"

"யாருக்கா இருந்தா என்னக்கா. இந்த மாவட்டம்தான்னு தெரிய வேண்டாமா? பக்கத்து மாவட்டத்து டிரம்மு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

சான்று கொடுக்க வேண்டியவர் கொழிஞ்சிவயலின் கிராம நிர்வாக அலுவலர் வீரபுத்திரன். பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் வழியில் தூரத்து உறவு, அவளை மதினி என்று கூப்பிடுகிறவர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். பஞ்சவர்ணம் கேட்டு முடிப்பதற்குள் படிவத்தை எடுத்துவிட்டார். "நாப்பது வருசமா ஊரை விட்டு நகராம இருந்துச்சே மதினி, அதுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்க," என்றார். படிவத்தில் கதவு எண் என்று ஒரு கட்டம் இருந்தது. குழிக்குக் கதவு எண் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. வீரபுத்திரன் யோசித்தார். மனு எழுதியது மதினி, கேட்டு வந்ததும் மதினி, ஆகவே பஞ்சவர்ணத்தின் வீட்டு எண்ணான நான்கின் கீழ் பதினேழைப் போட்டு, பக்கத்தில் ஒரு 'அ' சேர்த்தார். டிரம், நான்கின் கீழ் பதினேழு அ, வடக்குத் தெரு, கொழிஞ்சிவயல், நிரந்தரக் குடியிருப்பாளர்.

அதுவரை திங்கட்கிழமை சாயங்காலம் அதே ஏழாம் நம்பர் பஸ்ஸில் திரும்பி, கேம்பைச் சுற்றிக்கொண்டு குழிக்குப் போய்விடும் டிரம், சான்று வந்த அன்று நேராக வடக்குத் தெருவுக்கு வந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட டிரம் அது. பஞ்சவர்ணத்தின் வீட்டுக் கொல்லைப்புறத்தில், வாழை மரத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் இடையில் தன் முகவரியைக் கண்டுபிடித்து நின்றுகொண்டது.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. தண்ணீர்க் குடம் சுமந்து வருகிற பெண்கள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள், பிறகு ஒதுங்கியபடியே பேச ஆரம்பித்தார்கள். கிராம சபைக் கூட்டத்துக்கு ஆள் சேராமல் தவித்த பஞ்சாயத்துத் தலைவர், நிரந்தரக் குடியிருப்பாளர்தானே என்று டிரம்முக்கும் அழைப்பு அனுப்பினார். அது போய் நின்றது, ஒருவர் குறைந்த கணக்கு நேரானது, வடக்குத் தெருவுக்குத் தெருவிளக்குத் தீர்மானம் நிறைவேறியது. "வந்ததுல ஒரு நல்லது," என்றார்கள். பஞ்சவர்ணத்துக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

காரணம் தெருவிளக்கு இல்லை. அவளுடைய ஒரே மகள் கார்குழலி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து புரட்டாசிக் கடைசியில் கூட்டிவர வேண்டும். பிள்ளை கார்த்திகையில் பிறக்கும், நடுவில் ஐப்பசி மழை வந்துவிடும். மழை வந்தால் குழியின் தண்ணீர் ஊரணிக்கு வரும். மகளும், அவள் வயிற்றில் இருப்பதும், பிறந்த பிறகு அதுவும், குடிக்கப் போவது அந்த ஊரணித் தண்ணீரைத்தான். மழைக்கு முன்னால் டிரம்கள் ஊரை விட்டுப் போக வேண்டும், பதினோரு வருட மனுவிலும் அவள் கேட்டது இதுதான், இப்போது அதற்குத் தேதி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சான்றோடு முத்திரை வாங்கிப் போன டிரம்மின் மனுவுக்குப் பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. பட்டாளத்தின் நிலப் பிரிவிலிருந்து, நல்ல தடித்த தாளில். தேவசகாயம் அதைப் புங்க மரத்தடிக்கே கொண்டுவந்து கொடுத்தார். மேற்படி டிரம், கிராம நிர்வாக அலுவலர் வழங்கிய சான்றின்படி கொழிஞ்சிவயல் கிராமத்தின் நிரந்தரக் குடியிருப்பாளர் எனத் தெரியவருவதால், அது இத்துறையின் உடைமை என்ற கேள்வியே எழவில்லை என்றும், குடியிருப்பாளர் ஒருவரை அவருடைய சொந்த ஊரிலிருந்து வெளியேற்றும் அதிகாரம் இத்துறைக்கு இல்லை என்றும், மனுதாரரின் நலத்துக்கு வாழ்த்துகள் என்றும் அதில் இருந்தது.

பஞ்சவர்ணம் அன்று சாயங்காலம் வீரபுத்திரனின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் மதினி குடுத்தேன்."

"நல்லதுதான் கொழுந்தனாரே. இன்னும் ஒரு நல்லது பண்ணுங்க. அந்தச் சான்றை ரத்து பண்ணுங்க."

"குடியிருப்பாளர் ஊரை விட்டுப் போயிட்டாத்தான் ரத்து பண்ண முடியும்."

"சான்று இருக்கிறதால ஊரை விட்டுப் போகாது. ஊரை விட்டுப் போகாததால சான்றை ரத்து பண்ண முடியாது."

"அதேதான்," என்றார் வீரபுத்திரன், தன் மனதில் இருப்பதை ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொன்ன திருப்தியில். பஞ்சவர்ணம் எழுந்து வந்துவிட்டாள், இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கார்குழலி வந்தாள். கூடவே வந்த சம்பந்தியம்மாள் கொல்லைப்புறத்தில் எட்டிப் பார்த்து, "யாரு அது?" என்று கேட்டார்.

"பக்கத்து வீடு," என்றாள் பஞ்சவர்ணம்.

மகளை முன்கட்டில் படுக்க வைத்தாள், கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தினமும் நெடுங்கரையிலிருந்து திரும்பும்போது பஸ் நிலையத்துக் குழாயில் இருபது லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி, ஏழாம் நம்பரில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் ஊரணித் தண்ணிதாம்மா குடிக்கிறாங்க," என்றாள் கார்குழலி. "எனக்கு மட்டும் நீ கேன் தூக்குனா தெருவுல என்ன நெனப்பாங்க?"

"அப்ப ஒன் மாமியா வீட்டுக்கே போயிருடி. அங்கன போர்த் தண்ணி."

"தலைப்பிரசவத்த மாமியா வீட்டுல பாத்தா மட்டும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்களாக்கும்."

மகள் கேன் தண்ணீரைக் குடித்தாள். ஆனால் சோறு ஊரணித் தண்ணீரில்தான் வெந்தது, எல்லாவற்றுக்கும் இருபது லிட்டர் எங்கே காணும். பஞ்சவர்ணம் அண்ணாந்து பார்த்தாள். கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

அடுத்த புதன்கிழமை மரத்தடிக்கு ஒரு விவசாயி வந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால், விதைக் கடையில் ஏமாந்து பூச்சி விழுந்த கத்தரிக்காய் ஒன்றைத் தன் மனுவோடு இணைப்பாக வைத்துக் கொடுத்தவர். என் கத்தரிக்காய் என்ன ஆனது என்று கேட்டு ஒரு நினைவூட்டு மனு வேண்டும் என்றார். வெளியே டீ குடிக்க வந்த தேவசகாயத்திடமே பஞ்சவர்ணம் விசாரித்தாள்.

"அது நாலாவது ஆபீஸ்ல இருக்குக்கா. காஞ்சு சருகாகி, விதை உதிர்ந்து, ஃபைல் கட்டுலயே ரெண்டு இலை விட்டுருச்சாம்."

"தூக்கிப் போட வேண்டியதுதான?"

"எப்படிப் போடுறது? முத்திரை குத்தியாச்சுல்ல. இறுதி ஆணை வர்ற வரைக்கும் இணைப்பை ஃபைலை விட்டுப் பிரிக்கக் கூடாது. ஃபைல் எந்த ஆபீஸ் போனாலும் கூடவே போகணும்."

பஞ்சவர்ணம் கையில் இருந்த கூழாங்கல்லைத் தாளின் மேல் வைத்தாள். பிறகு எடுத்தாள். மறுபடி வைத்தாள். பதினோரு வருடம் டிரம்களைப் பற்றி மனு எழுதினாள், ஐந்து வாரம் டிரம்மையே மனுதாரராக்கி எழுதினாள். மனுதாரர் என்றால் பதில்தான் வரும். இணைப்பு என்றால் நகரும். இருபத்திரண்டு வருடம் இந்த மரத்தடியில் உட்கார்ந்து இது தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஐப்பசி முதல் திங்கட்கிழமை அவள் முதல் பஸ்ஸில் கிளம்பினாள். டிரம் வழக்கம்போலக் கூடவே ஏறியது. கேம்ப் நிறுத்தத்தில் இன்னொரு டிரம் நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒன்று போய் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாமாகப் போனால்தான் மதிப்பார்கள் என்று குழிக்குள் பேசி முடிவு செய்தார்களோ என்னவோ, யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, மனு நாளில் ஊரே திரண்டு போவதெல்லாம் நெடுங்கரையில் நடக்கிறதுதான். கண்டக்டர் மட்டும், "எல்லாம் ஏற முடியாது, அடுத்த வண்டியில வாங்க," என்று விசில் கொடுத்தார். அவை அடுத்த வண்டிக்குக் காத்திருக்கவில்லை. சாலையின் இடது ஓரமாக, ஒன்றன் பின் ஒன்றாக, பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் பால் வண்டிக்கும் வழி விட்டு, பதினான்கு கிலோமீட்டரும் வந்தன. சிலவற்றுக்கு அடிப்பக்கம் தாள் அளவுக்கு மெலிந்திருந்தது. அவை மற்றவற்றைவிட மெதுவாக, உள்ளே இருப்பது சிந்தாமல், நிறைகுடம் சுமப்பவர்களைப் போல வந்தன.

பத்து மணிக்கு வரிசை அலுவலக வாசலைத் தாண்டி, புங்க மரத்தைத் தாண்டி, பஸ் நிலையம் வரை போனது. பெண் காவலர் ஒவ்வொரு டிரம்மாக முகர்ந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

தேவசகாயம் மேசையில் பஞ்சவர்ணம் தாளை வைத்தாள். அனுப்புநர்: பஞ்சவர்ணம். பொருள்: கொழிஞ்சிவயல் ஊரணி நீர் கெடாமல் காக்கக் கோருதல் தொடர்பாக. கீழே மூன்றே வரி. அதற்கும் கீழே, இணைப்பு: டிரம்கள் என்று எழுதி, ஒரு கோடு போட்டு, எண்ணுக்கு இடம் விட்டிருந்தாள்.

தேவசகாயம் இணைப்பு வரியைப் படித்தார். சன்னல் வழியாக வெளியே பார்த்தார். மறுபடி படித்தார்.

"அக்கா, இதுல நான் குத்துனா இதெல்லாம் என் தலையில."

"ஒன் தலையில இல்ல தம்பி, ஃபைல்ல."

"பெரியவரு கேட்டா நான் என்ன சொல்ல?"

"மனு வந்துச்சு, இணைப்பு சரியா இருந்துச்சு, வாங்குனேன்னு சொல்லு. இத்தனை வருசத்துல இணைப்பு சரியா இருந்து நீ வாங்காம விட்டிருக்கியா?"

தேவசகாயம் பேனாவை மூடினார், திறந்தார். அவரும் இதே மேசையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். பஞ்சவர்ணத்தின் பதினோரு வருட மனுக்களுக்கும் முத்திரை குத்தியது அவர்தான், அவை எந்தெந்த அலமாரியில் எந்தெந்த உயரத்தில் அடுக்கியிருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார்.

"எண்ணாமக் குத்த மாட்டேன். இருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினார்.

மூன்றடி தள்ளி நின்று, ஒவ்வொரு டிரம்முக்கும் எதிரே தரையில் ஒரு எண் எழுதியபடி, அவர் வாசலைத் தாண்டிப் போனார், புங்க மரத்தைத் தாண்டிப் போனார், பஸ் நிலையத்தில் திரும்பி, விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் மறுபடி ஒருமுறை எண்ணி வந்தார். நாற்பது வருடத்தில் அந்த டிரம்களை ஓர் அரசு ஊழியர் எண்ணியது அதுதான் முதல் முறை. நூற்று நாற்பத்து மூன்று. பஞ்சவர்ணம் கோட்டின் மேல் அந்த எண்ணை எழுதினாள். தேவசகாயம் இணைப்புகளுடன் பெறப்பட்டது என்ற முத்திரையை மையில் தொட்டு, வாயால் ஊதி, குத்தினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. தன் அலுவலக வளாகத்தில் தன்னுடைய முத்திரையோடு நூற்று நாற்பத்து மூன்று டிரம்கள் நிற்பதை மாடியிலிருந்து பார்த்த ஆட்சியர், அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கோப்பில் 'உரிய நடவடிக்கைக்காக இணைப்புகளுடன் அனுப்பலாகிறது' என்று எழுதி, நச்சுக் கழிவைப் பார்க்கும் துறைக்கு அனுப்பினார். கோப்பு ஒரு ஜீப்பின் முன் சீட்டில் போனது. இணைப்புகள் ஜீப்புக்குப் பின்னால் வரிசையாகப் போயின. அந்தத் துறை அதே வேகத்தில் கதிர்வீச்சைப் பார்க்கும் துறைக்கு அனுப்பியது, அது தலைநகருக்கு அனுப்பியது, தலைநகரம் பட்டாளத்துக்கு அனுப்பியது, பட்டாளம் குறிப்புரைக்காக வேறொரு துறைக்கு அனுப்பியது. வடக்கே ஒரு சுங்கச்சாவடியில் அவை கோப்பின் பின்னால் ஒழுங்காக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததாக லாரி ஓட்டப் போன கொழிஞ்சிவயல்காரர் ஒருவர் சொன்னார். இறுதி ஆணை வரவில்லை. வருகிற வரை எந்த ஆபீஸில் கோப்பு இருக்கிறதோ அந்த ஆபீஸின் வாசலில்தான் அவை இருக்கும். தங்கள் குடிதண்ணீருக்குப் பக்கத்தில் அவை நிற்பதை அந்தந்த ஆபீஸ்காரர்கள் காலையில் வேலைக்கு வரும்போது பார்க்கட்டும் என்று பஞ்சவர்ணம் நினைத்துக்கொண்டாள். வீரபுத்திரன் குடியிருப்பாளர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று எழுதி, மனமில்லாமல் சான்றை ரத்து செய்தார். அடுத்த கிராம சபைக்கு ஓர் ஆள் குறைந்தது.

மழை இன்னும் இறங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் மேகம் ஊர்மேல் வந்து வந்து போனது. டிரம்கள் போய்விட்டன என்று ஊரார் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள். பஞ்சவர்ணம் மட்டும் தினமும் கேன் தூக்கினாள். சனிக்கிழமை குழிமேட்டுக்குப் போய்த் தள்ளி நின்று பார்த்தாள். டிரம்கள் இருந்த இடம் பெரிய வாயாகத் திறந்து கிடந்தது. நாற்பது வருடமாகக் கசிந்ததையெல்லாம் குடித்த மண், எண்ணெய்க் கறுப்பாக, சில இடத்தில் மஞ்சளாக இருந்தது. ஒரு பெரிய மழை போதும், எல்லாம் ஊரணிக்கு வந்துவிடும். இதை எப்படி இணைப்பாக வைப்பது, எத்தனை சாக்கு, யார் தொட்டு அள்ளுவது என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எந்தக் கணக்கும் வரவில்லை.

"ஏம்மா ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டாள் கார்குழலி.

"ஒண்ணுமில்ல. மனு ஒண்ணு எழுதணும். யாரு பேருல எழுதுறதுன்னு தெரியல."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் பாயை விரித்து, பேனாவைத் திறந்தபோது, வரிசையில் பேச்சு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"பாத்து நில்லுங்க, பாத்து நில்லுங்க, கால் தவறிரும்," என்று ஒரு பெண் தன் பக்கத்தில் இருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

உதவித்தொகை இன்னும் கிடைக்காமல் மறுபடி வந்திருந்த அதே கிழவருக்கும், பாதைத் தகராறு இன்னும் தீராமல் மறுபடி வந்திருந்த அதே அண்ணன் தம்பிக்கும் நடுவில், குழி நின்றது. நான்கு ஆள் ஆழம், எட்டு ஆள் அகலம், விளிம்பில் கொழிஞ்சிச் செடி, அடியில் கறுப்பும் மஞ்சளுமான மண், ஒரு பிடிகூடச் சிந்தாமல் அப்படியே. பெண் காவலர் விளிம்பில் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார். கொழிஞ்சிவயலிலிருந்து வந்தவர்கள், கேம்புக்குப் பின்னால் இப்போது பள்ளமே இல்லை, தரை உள்ளங்கை போலக் கிடக்கிறது என்றார்கள்.

பஞ்சவர்ணம் எழுந்து போய், மூன்றடி தள்ளி, பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். சுண்ணாம்புக் கட்டி பாதியில் தீர்ந்தது, இன்னொன்று எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளுடைய அட்டையில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது விழுந்ததும் வரிசை முழுவதும் குடைகளும் முந்தானைகளும் தலைக்கு ஏறின, ஆனால் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. மழை சத்தமாக இறங்கி, குழிக்குள் விழத் தொடங்கியது.

உள்ளே தேவசகாயம் சன்னலுக்கு வந்து குழியைப் பார்த்தார். குழியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார். குழி நிற்கிற இடத்திலிருந்து தரை சரிந்து போய்ச் சேர்கிற இடத்தில், ஆட்சியர் அலுவலகத்தின் குடிநீர்த் தொட்டி மூடியில்லாமல் இருப்பதைப் பார்த்தார்.

"அக்கா," என்று கூப்பிட்டார். "சீக்கிரம் எழுதுங்க."

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் பஞ்சவர்ணம். தாள் நனையாமல் மேலே குனிந்துகொண்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எப்போதும்போல எழுதி, கடைசி வரிக்கு வந்து, இணைப்பு: குழி, ஒன்று என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 'மழைநீருடன்' என்று சேர்த்தாள்.